ஒரே டிரைவில் இரண்டு பேர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவனுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கவே கூடாது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட யாராவது ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "சும்மா ஒரு பார்வை பாருங்களேன்" என்பார்கள். அதிலும் கூடப்பிறந்த அக்கா கூப்பிட்டால் மறுபேச்சுக்கு இடமில்லை. அந்த மெக்கானிக் அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு, ஸ்க்ரூடிரைவர் செட்டையும் இரண்டு பென்டிரைவையும் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினான்.

காலையில் பிடித்த தூறல் விட்டபாடில்லை. கீழே காகிதக் கிடங்கு, மேலே வீடு. மரப்படிகள் ஈரத்தில் ஊறி, மிதித்தால் முனகின. கிடங்கிலிருந்து வரும் நனைந்த காகித வாடை மாடி வரைக்கும் கூடவே ஏறி வந்தது. அந்த வாடை அவனுக்குப் பழக்கம்தான். ஆனாலும் இந்த ஒரு வருஷமாக அந்தப் படிகளில் ஏறும்போதெல்லாம் பாதியில் ஒரு முறை நின்றுவிட்டுத்தான் மேலே போவான்.

கதவைத் திறந்தது அக்கா மகள். வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாங்க மாமா. வந்ததும் சார்ஜர் எங்கேன்னுதான் கேப்பீங்க. எடுத்து வெச்சுட்டேன்."

"மரியாதை தெரிஞ்ச பொண்ணு. அப்படியே ஒரு காபியும் வெச்சிருந்தா ரொம்ப மரியாதையா இருந்திருக்கும்."

"அது கனெக்‌ஷன் கொடுத்து, மெஷின் ஓடினாதான்."

இப்படி வாயாடுகிற பெண்தான். கட்டட வரைபடம் வரைகிற படிப்பில் சேர்ந்திருந்தாள். அதற்கு வேண்டிய மென்பொருள் அந்த வீட்டு லேப்டாப்பில் இருந்த பழைய சிஸ்டத்தில் ஓடாது, வேறு சிஸ்டம் போட வேண்டும். பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுவது அரை மணி நேர வேலை. அழிக்கத்தான் முடியாது. அந்த லேப்டாப் பெரியவனுடையது.

பெரியவன் என்றால் சின்னவளின் அண்ணன். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், யாருடனோ பேசிக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்தவன், மூடியைச் சாத்திவிட்டு, "ம்மா, இதோ வந்துடறேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். தெருமுனையில் லாரி. கப்பலில் வேலை பார்க்கும் அப்பா கரைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் இருந்த கடைசி அறையை அக்கா பூட்டியவள்தான்.

இன்றைக்குத்தான் திறந்திருந்தாள்.

அறைக்குள் காற்று அசையவில்லை. மேஜைமேல் லேப்டாப் இருந்தது, தூசி படியாமல். பூட்டிய அறையில் தினமும் அதை யார் துடைத்தார்கள் என்று அவன் கேட்கவில்லை.

அக்கா அதன் மூடியைத் தடவியபடி சொன்னாள். "வேற புதுசு வாங்கலாம்னு அத்தான் சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். இதுலயே ரெண்டு பேருக்கும் இடம் கொடுத்துடுடா தம்பி. என் பிள்ளைங்க சண்டை போட்டாலும் ஒண்ணாவே இருக்கட்டும்."

அத்தான் உனக்குப் புருஷன், எனக்குத்தான் அத்தான் என்று வழக்கமாகச் சீண்டுவான். அன்றைக்கு வாய் வரவில்லை.

"செஞ்சுடலாம்க்கா. ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம் வைக்கிற மாதிரிதான். நடுவுல ஒரு சுவர். ஆனா ஒண்ணு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நடமாட முடியாது. ஒருத்தர் முழிச்சிருந்தா இன்னொருத்தர் தூங்கணும்."

"அப்ப அண்ணன்தான் எப்பவும் தூங்கணும். எனக்கு காலேஜ் இருக்குல்ல" என்றாள் சின்னவள் சிரித்துக்கொண்டே.

அக்கா சிரிக்கவில்லை.

பென்டிரைவைச் செருகி மெஷினைத் திறந்ததுமே சிக்கல் தெரிந்துவிட்டது. பெரியவன் அன்றைக்கு அதை அணைக்கவே இல்லை. தூங்க வைத்துவிட்டுப் போயிருக்கிறான். திரையில் திறந்து வைத்த ஜன்னல்கள், பாதி அடித்த வரி, எல்லாம் அப்படியே, தகவல்களைச் சேமிக்கும் டிரைவில் உறைந்து கிடக்கும். மின்சாரமே இல்லாமல் எத்தனை வருஷமானாலும் கிடக்கும். எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும், நடுவில் காலம் போனதே அதற்குத் தெரியாது.

"இதை ஒரு தடவை எழுப்பி, முழுசா அணைச்சுட்டுத்தான்க்கா கை வைக்கணும். தூங்குறவன் இருக்கிற வீட்டை இடிக்கக் கூடாது. எங்க தொழில்ல இதுதான் முதல் பாடம்."

"அணைச்சா?"

"அவன் திறந்து வெச்சதெல்லாம் மூடிடும். சேமிக்காதது போயிடும்."

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டா. அவன் எப்படி விட்டுட்டுப் போனானோ அப்படியே இருக்கட்டும். அதுக்கு மேல எங்கிட்ட என்னடா இருக்கு?"

கடையில் வேறு யாராவது கேட்டிருந்தால் முடியவே முடியாது என்று மெஷினைத் திருப்பிக் கொடுத்திருப்பான். அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல அவனால் முடியவில்லை. கிணற்றில் விழுகிறோம் என்று தெரிந்துதான், பெரியவனுடைய பகுதியைச் சுருக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தான்.

திரையில் எச்சரிக்கை வந்தது.

'இந்தப் பகுதி இன்னும் உபயோகத்தில் இருக்கிறது.'

எத்தனையோ முறை பார்த்த வரிதான். அன்றைக்கு ஏனோ இரண்டு முறை படித்தான். பிறகு, 'பரவாயில்லை, தொடரலாம்' என்பதை அழுத்தினான்.

கோடு மெல்ல நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்தது. "என்னமோ கண்ணைச் சுத்துது மாமா" என்று சின்னவள் அண்ணனின் கட்டிலில் போய்ப் படுத்தாள். அகலமான கட்டில். அவளோ சுவரோடு சுவராக ஒட்டி, முழங்காலை மடக்கி, ஓரத்தில் சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் யாருக்கோ இடம் விட்ட மாதிரி.

வேலை முடிந்தது. இனிமேல் மெஷினைத் திறந்தால் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் இரண்டே வரி: சின்னவள், பெரியவன். யாரை எழுப்ப வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பத்து விநாடி காத்திருக்கும். யாரும் எதையும் தொடாவிட்டால் சின்னவளின் சிஸ்டம் தானாகத் திறக்கும். அக்காவின் மனசு குளிரட்டும் என்றுதான் பிள்ளைகளின் பேரையே வைத்தான்.

* * *

ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். சின்னவள் பகலெல்லாம் தூங்குகிறாள், எழுப்ப எழுப்ப எழவில்லை, தானாக எழுந்தாலும் பேந்தப் பேந்த விழிக்கிறாள் என்றாள். டாக்டர் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறாராம். சொன்ன விஷயம் அழ வேண்டியது. ஆனால் அக்காவின் குரலில் அழுகை இல்லை. எதையோ மடியில் மறைத்து வைத்திருப்பவளின் அவசரம் இருந்தது.

அவன் போனபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்தில் சின்னவள் பாயில் கிடந்தாள். நெற்றியைத் தொட்டான். பச்சைத் தண்ணீர் போலச் சில்லென்றிருந்தது. மூச்சு இருந்தது, ஆனால் ரொம்ப தூரத்தில் இருந்து வருகிற மாதிரி இருந்தது.

"சின்னவளே... ஏய், மாமா வந்திருக்கேன்."

அசைவில்லை.

உள்ளே, கடைசி அறையில், கீபோர்டு சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் இருந்தன. எதிரே லேப்டாப் திறந்திருந்தது.

சத்தம் நிற்கவில்லை.

"வாடா தம்பி" என்றாள் அக்கா, திரும்பாமலே. முகம் பூத்திருந்தது. "மெதுவா வா. பேசிக்கிட்டிருக்கான்."

திரையில் பெரியவனின் பழைய ஜன்னல்கள் அப்படியே இருந்தன. அன்று பாதியில் விட்ட வரிக்குக் கீழே, வரி வரியாகப் புதிய எழுத்துகள். விசைகள் எதுவும் அமுங்கவில்லை. எழுத்து மட்டும் வந்துகொண்டிருந்தது.

'ம்மா, இடம் பத்தல.'

'அவளைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லு.'



"சின்ன வயசுல ஒரே கட்டில்ல படுக்கும்போது இதையேதான் சொல்வான், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு அக்கா சிரித்தாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவை நகரச் சொல்லி, டிரைவின் அளவைத் திறந்து பார்த்தான். சரிபாதியாக அவன் எழுப்பிய சுவர் அங்கே இல்லை. பெரியவனின் பக்கம் வீங்கியிருந்தது. சின்னவளின் பக்கம் ஒரு மூலைக்குப் போயிருந்தது. அப்படி நகர்த்துவதற்குத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் யாருமே இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கோடு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

கூடத்தில் சின்னவள் முனகினாள்.

யோசிக்கக்கூட இல்லை, பெரியவனின் சிஸ்டத்தைத் தூங்க வைத்தான். கறுப்புத் திரை வந்தது. சின்னவளின் பெயரை அழுத்தினான். அது திறந்த நொடியில் கூடத்திலிருந்து இருமல் சத்தம் கேட்டது. பிறகு தளர்ந்த நடை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா... எப்ப வந்தீங்க?"

"இப்பதான்டா கண்ணு. காலேஜுக்குப் போகலையா?"

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "காலேஜா? எந்தக் காலேஜ்?"

அக்கா எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் பூத்ததெல்லாம் உதிர்ந்துபோயிற்று. "ஏய், என்னடி விளையாடுற? உன் அப்பா இப்ப எங்க இருக்காரு, சொல்லு."

சின்னவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். உதடு துடிக்க ஆரம்பித்தது. "தெரியலம்மா. இருந்துச்சு... எனக்குத் தெரியும்... இப்ப அந்த இடத்துல ஒண்ணுமே இல்லம்மா."

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். பிள்ளைக்குப் பிள்ளையும் அப்படித்தான் என்பது அக்காவுக்கும் தம்பிக்கும் அப்போது புரிந்தது. ஒருவன் விழித்திருக்க வேண்டுமானால் இன்னொருத்தி தூங்க வேண்டும். ஒருவனுக்கு இடம் வேண்டுமானால் இன்னொருத்தியிடமிருந்துதான் எடுக்க வேண்டும்.

"அழிச்சுடலாம்க்கா" என்றான், அவளை மட்டும் தனியே சமையலறைக்கு இழுத்துப் போய்.

"யாரை?"

அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "அக்கா!"

"ஒரு தடவை பறிகொடுத்துட்டேன்டா. அப்ப என்னை யாரும் கேக்கல. இப்ப என் கையாலயே கொடுக்கச் சொல்றியா? அவன் பேசுறான்டா. பசிக்குதுன்னு சொல்றான். பெத்தவகிட்டப் போய் அழின்னு சொல்ல உனக்கு எப்படிடா நாக்கு வருது?"

"அங்க நிக்கிறவளும் நீ பெத்தவதானே!"

அக்கா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவனுக்கும் அழுகை முட்டியது. இத்தனைக்கும் காரணம் அவன் கைதான். அணைக்காமல் கை வைத்தது அவன்தான். அதைச் சொல்லி அழக்கூட நேரம் இல்லை.

ஏனென்றால் உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

சின்னவள் தரையில் கிடந்தாள். கண் பாதி மூடியிருந்தது. மேஜைமேல் திரை தானாகக் கறுத்து, தானாக வெளுத்து, பெரியவனின் ஜன்னல் திறந்திருந்தது. யாரும் எதையும் தொடவில்லை.

'ம்மா.'

'இதோ வந்துட்டேன்.'

மெக்கானிக் பென்டிரைவைச் செருகினான். அவசரத்தில் இரண்டு முறை தவறியது. மெஷினை வலுக்கட்டாயமாக அணைத்து, பென்டிரைவிலிருந்து திறந்தான். டிரைவைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அதே டிரைவில்தானே இவளும் இருக்கிறாள்? மூலையில் நூல் அளவுக்கு மீந்திருந்தாள். அவள் விரல் நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

பெரியவனின் பகுதியைக் குறித்தான். 'அழி' என்று கொடுத்தான்.

'இந்தப் பகுதி இன்னும் உபயோகத்தில் இருக்கிறது.'

மறுபடி கொடுத்தான். அதே வரி. மறுபடியும் அதே வரி. அவன் விரலை அது சட்டையே செய்யவில்லை. நூலளவு கோடு இன்னும் மெலிந்தது.

"அக்கா, எனக்கு அடங்க மாட்டேங்குது! நீ வா! நீ சொன்னா கேப்பான்!"

அக்கா மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் சாகிற வரைக்கும் மறக்க மாட்டான். பிறகு தவழ்ந்தே வந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்து எழுந்து, விசைமேல் விரலை வைத்தாள்.

"தங்கச்சி பாவம்டா ராஜா" என்றாள் மிக மெதுவாக. "அம்மா சொன்னா கேப்பல்ல? தூங்குடா."

அழுத்தினாள்.

இந்த முறை எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

* * *

சின்னவள் பிழைத்துக்கொண்டாள். மெக்கானிக் பழைய டிரைவில் மீந்திருந்ததைப் புது டிரைவுக்கு மாற்றினான். ஒரே சிஸ்டம், ஒரே பெயர். தேர்ந்தெடுக்கச் சொல்லும் கறுப்புத் திரையே இல்லாமல் செய்தான். பழைய டிரைவைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சுத்தியலால் அடித்துத் தூளாக்கினான். மனசு ஆறாமல் தூளையும் இரண்டு குப்பைத்தொட்டிகளில் பிரித்துப் போட்டான். சின்னவளுக்குக் காலேஜ் ஞாபகம் வந்தது. அப்பா நினைவுக்கு வந்தார். வாயும் திரும்ப வந்தது. "மாமா, உங்க சர்வீஸ்ல என் மூளையவே ஃபார்மேட் பண்ணிட்டீங்க" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அவர்களுக்குத் துணையாக அங்கே தங்கியிருந்த நாட்களில் அவனே அதைக் கண்டான்.

காலையில் கண் விழித்ததும் அவள் உடனே எழுவதில்லை. கண்கள் திறந்திருக்கும், ஆனால் பார்க்காது. இமைக்காது. கையைப் பிடித்தால் கை விறைத்துக் கிடக்கும். பத்து விநாடிதான். அதற்குப் பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "குட் மார்னிங் மாமா" என்று எழுந்துவிடுவாள். அந்தப் பத்து விநாடிக்குள் யாராவது "சின்னவளே" என்று கூப்பிட்டால் உடனே எழுவாள்.

ஒரு நாள் அவன் பல் துலக்கிவிட்டு வரும்போது, அக்கா சின்னவளின் கட்டில் ஓரத்தில் குனிந்து, அந்தக் கண்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்று கிசுகிசுத்தாள். "யாரைக் கூப்பிடப் போறோம்னு காத்திருக்கிற மாதிரி இல்ல?"

"சின்னவளே!" என்று அவன் போட்ட சத்தத்தில் கீழே கிடங்கு ஆட்கள்கூட நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

"ஏன் மாமா காலங்காத்தால இப்படிக் கத்துறீங்க?" என்று சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

அக்கா எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவன் அக்காவை எச்சரித்தான், கெஞ்சினான், அந்தப் பத்து விநாடிக்குள் வேறு பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன் என்று சத்தியம் வாங்கினான். எத்தனை நாள்தான் கடையைப் பூட்டி வைப்பது? தன் வீட்டுக்குத் திரும்பியவன் தினமும் காலையில், சின்னவள் எழும் நேரம் பார்த்து அவள் போனுக்கே கூப்பிட்டான். மணி அடித்து, அவள் கொட்டாவியோடு ஹலோ சொன்ன பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கியது.

அன்று காலை மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். மூன்றாவது முறை எடுத்தது அக்கா.

பின்னால் தாளிக்கிற சத்தம் கேட்டது. அக்கா வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் யாரும் பாடவில்லை.

"அக்கா, சின்னவள் எங்க?"

"சாப்பாடு போட்டுட்டிருக்கேன்டா. அப்புறம் பேசறேன்."

"சத்தியம் பண்ணியேக்கா..."

தட்டை நகர்த்தும் சத்தம். ஆவலோடு சாப்பிடும் சத்தம், பல நாள் பட்டினி கிடந்தவர் சாப்பிடுகிற மாதிரி. பிறகு போன் கை மாறியது.

மூச்சுச் சத்தம் கேட்டது.

"சின்னவளே! மாமா பேசறேன். கேக்குதா? சின்னவளே!"

வந்தது சின்னவளின் குரல்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பேச்சு மெதுவாக இருந்தது, பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று பேசுகிற மாதிரி.

"கத்தாதீங்க மாமா. தங்கச்சி தூங்குறா."